குருந்தக்கல்லும் குமரி மணலும்

மட்டாஞ்சேரிக்கு மாற்றலாகி வந்தபிறகு எனக்குப் பழைய சாமான்கள்மேல் ஒரு பார்வை வந்துவிட்டது. யூதத் தெரு வழியாக நடந்தால் இரண்டு பக்கமும் பித்தளை விளக்கு, உருளி, கப்பல் மணி, தேக்குக் கதவு, துருப்பிடித்த பூட்டு என்று கடைகள் வரிசையாக இருக்கும். இந்தக் கடைகளுக்குச் சாமான்களைச் சுத்தம் செய்து கொடுக்கிற ஒரு தமிழ்ப் பையன் எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கிறான். தாத்தா காலத்திலேயே கொச்சிக்கு வந்துவிட்ட குடும்பம். சின்னக் கடனுக்கு விண்ணப்பம் கொண்டு வந்தான். எதற்கு என்றால், வீட்டுக்குப் பின்னால் வைக்க ஒரு பிளாஸ்டிங் கேபினெட்டும் கம்ப்ரசரும் வாங்கவாம்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இது கண்ணாடி வைத்த ஒரு இரும்புப் பெட்டி. பக்கத்தில் இரண்டு ஓட்டை, அதில் நீளமான ரப்பர் கையுறை. சாமானை உள்ளே வைத்து, கையை நுழைத்து, காற்றழுத்தத்தோடு பொடியைப் பீய்ச்சினால் துருவும் பெயிண்டும் உதிர்ந்துவிடும். நம்ம ஊரில் பொதுவாக 'சாண்ட் பிளாஸ்டிங்' என்பார்கள்.

திட்ட மதிப்பீட்டில் பெட்டி, கம்ப்ரசர், வயரிங் எல்லாவற்றுக்கும் தொகை எழுதியிருந்தான். பொடிக்கு மட்டும் சைபர். "மணலுக்கு என்ன சார் காசு, கடப்புறத்தில் கிடக்கிறதுதானே?" என்றான். அந்த சைபர்தான் இந்தப் பதிவுக்குக் காரணம். பி.காம். படித்தவனுக்குச் செலவுப் பத்தியில் சைபரைப் பார்த்தால் உடனே சந்தேகம் வரும். இலவசமாகக் கிடைக்கிற சரக்குக்கு வேறு யாரோ, வேறு எங்கோ, வேறொரு நாளில் விலை கொடுக்கிறார்கள் என்று அர்த்தம்.

சரி, கதைக்கு வருவோம்.

காற்றோடு மணலைப் பீய்ச்சுவதற்கு முதல் காப்புரிமை வாங்கியவர் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாக்காரர் பெஞ்சமின் சியூ டில்க்மன். தேதி 1870 அக்டோபர் 18. உள்நாட்டுப் போரில் படை நடத்தியவர். பாலைவனத்தில் காற்றடித்த மணல் ஜன்னல் கண்ணாடியை மங்கலாக்கியதைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, கருவி நன்றாக வேலை செய்தது. கண்ணாடியில் பூவேலை, வார்ப்பட இரும்பில் ஒட்டிய மண்ணை நீக்குவது, கல்லில் எழுத்துப் பொறிப்பது என்று பரவியது. அந்தப் போரில் செத்த சிப்பாய்களின் கல்லறைக் கற்களில் பெயர் பொறிக்கவும் இதே முறைதான் பயன்பட்டது. பெயர் பொறித்த அந்தக் கருவி பிறகு எத்தனை தொழிலாளிகளைக் கல்லறைக்கு அனுப்பப் போகிறது என்று அன்றைக்கு யாரும் கணக்குப் போடவில்லை.

ஏன் அப்படி? நாம் மிதிக்கிற சாதாரண மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது படிக சிலிக்கா. காலடியில் கிடக்கும்வரை அதனால் தொந்தரவு இல்லை. ஆனால் வேகமாக இரும்பில் மோதும்போது ஒவ்வொரு மணலும் உடைந்து கண்ணுக்குத் தெரியாத தூளாகிறது. சில மைக்ரான் அளவுள்ள அந்தத் தூள் மூக்கு, தொண்டை எல்லாவற்றையும் தாண்டி நுரையீரலின் அடிச் சிற்றறைகளுக்கே போய் உட்கார்ந்துவிடும். புதிதாக உடைந்த துகள் இன்னும் மோசம். நுரையீரல் அதைச் சுற்றித் தழும்பு கட்டும். தழும்பு கூடக்கூட மூச்சு குறையும். இதற்குப் பெயர் சிலிகோசிஸ். குணப்படுத்த மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் நோய் வளர்ந்துகொண்டே போகலாம். 1997இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, தொழிலிடங்களில் சுவாசிக்கப்படும் படிக சிலிக்கா புற்றுநோயும் உண்டாக்கும் என்று அறிவித்தது.

பிரிட்டனில் 1949ஆம் ஆண்டு விதிகளே வார்ப்படங்களைச் சுத்தம் செய்ய மணல் பீய்ச்சுவதைத் தடை செய்துவிட்டன. நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 87ஆம் பிரிவு ஆபத்தான வேலைகளுக்குத் தனி விதி போட மாநிலங்களுக்கு அதிகாரம் கொடுத்தது. அதன்கீழ் வந்த விதிகளில் பிளாஸ்டிங்குக்கு ஒரு அட்டவணை உண்டு. சிலிக்கா கலந்த மணலைக் கருவிக்குள் போடவே கூடாது என்பதுதான் அதன் சாரம்.

சட்டம் ஃபேக்டரி வாசலோடு நின்றுவிடும். வீட்டுக்குப் பின்னால் வைத்த பெட்டிக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார். துருக்கியில் நடந்தது இதுதான். ஜீன்ஸ் துணியைப் பழசு மாதிரிக் காட்ட, சின்னச் சின்ன பட்டறைகளில் இளம் பையன்கள் மணலைப் பீய்ச்சினார்கள். இருபது வயதுக்காரர்களுக்கு சிலிகோசிஸ் வந்தது. பலர் இறந்தபிறகு 2009இல் அங்கே ஜீன்ஸுக்கு மணல் பீய்ச்சுவதைத் தடை செய்தார்கள். ஒரு பேன்ட் வெளுத்துத் தெரிவதற்காக!

இப்போது நம் பக்கத்துக் கதை. இதில் நாம் பெருமைப்பட ஒரு விஷயம் இருக்கிறது.

வைரத்துக்கு அடுத்தபடியாகக் கடினமான இயற்கைக் கனிமம் கொரண்டம். மோஸ் அளவையில் 9. சிவப்பாக இருந்தால் மாணிக்கம், நீலமாக இருந்தால் நீலக்கல், நிறம் தேறாவிட்டால் சாணைப்பொடி. ஆங்கில அகராதியில் இந்தச் சொல்லின் மூலத்தைப் பாருங்கள், தமிழ் என்று போட்டிருக்கும். நம்முடைய 'குருந்தம்'தான் கொரண்டம். வடமொழிக் குருவிந்தத்துக்கு உறவு. 1798இல் சார்லஸ் கிரெவில் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஆசியாவின் குருந்தக்கல்லைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். நம் கல் இழைப்பவர்கள் குருந்தப் பொடியை அரக்கில் குழைத்துச் சக்கரமாக்கி, அதில்தான் ரத்தினங்களைத் தீட்டினார்கள். தெருவில் 'சாணை பிடிக்கலியோ' என்று கூவிப் போனவரின் வண்டிக்குப் பின்னால் இத்தனை பெரிய வம்சாவளி இருக்கிறது.

1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் என்பவர் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தில் சூடாக்கிப் பார்த்தபோது பளபளவென்று ஒரு படிகம் கிடைத்தது. கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று நினைத்து 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. கொரண்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் பெயர் நின்றுவிட்டது, அதற்குள் நம் குருந்தமும் ஒட்டிக்கொண்டது :-)

இந்தப் பெயர் 1954இல் வீட்டுக்குத் திரும்பி வந்தது. பள்ளத்தூர்ச் செட்டியார் குடும்பமான முருகப்பா குழுமம், அமெரிக்காவின் கார்போரண்டம் கம்பெனி, இங்கிலாந்தின் யுனிவர்சல் கிரைண்டிங் வீல் கம்பெனி மூன்றும் சேர்ந்து சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை. பாங்கில் வேலை பார்ப்பவன் என்பதால் இதில் எனக்கு ஒரு தனி ருசி. இந்தக் குடும்பம் 1900 வாக்கில் பர்மாவில் வட்டித்தொழிலில் ஆரம்பித்தது. உலகப் போருக்கு முன்பே முதலை இந்தியாவுக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. கொடுக்கல் வாங்கல் பணம் சைக்கிளாகவும் சாணைச் சக்கரமாகவும் மாறியது. ரங்கூனில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே வந்த குடும்பங்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, காலத்தில் கணக்கை முடிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

அதே கம்பெனியின் மின்னுலைப் பிரிவு நம்ம கொச்சியில், களமசேரியில் இருக்கிறது. சிலிக்கன் கார்பைடு ஆலை கொரட்டியில். ஏன் கேரளம்? மின்சாரம். பாக்சைட்டை உருக்கிச் செயற்கைக் குருந்தம் செய்ய, மின்வில் உலையில் 2000 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். மூலப்பொருளுக்கு நிகராகக் கரண்ட் பில் வரும் தொழில் இது. 1940இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்ததும் ஆலுவா பக்கம் அலுமினியம், உரம் என்று ஆலைகள் வரிசையாக வந்ததும் அதனால்தான். 1990களில் இந்தக் கம்பெனி பத்தனம்திட்டா மாவட்டத்து மணியாற்றில் 12 மெகாவாட்டுக்குச் சொந்தமாக ஒரு நீர்மின் நிலையமே கட்டிக்கொண்டது.

குருந்தம் போகட்டும். எங்கள் ஊர் மணலைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நான் குளச்சல் பக்கத்துக்காரன்.

கன்னியாகுமரிக்குப் போனவர்கள் எல்லோரும் சின்னப் பொட்டலத்தில் வண்ண மணல் வாங்கியிருப்பீர்கள். சுசீந்திரத்து மாப்பிள்ளை வராமல் கல்யாணம் நின்றுபோக, சமைக்க வைத்திருந்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டது என்று எங்கள் பாட்டிமார் சொல்வார்கள். கனிமவியல் வேறு கதை சொல்கிறது. கறுப்பாக இருப்பது இல்மனைட். சிவப்பாக இருப்பது கார்னெட். மஞ்சள் தட்டுவது மோனசைட். கல்யாணச் சாப்பாட்டுக் கதைதான் எனக்கு இன்னமும் பிடிக்கும் என்றாலும், இரண்டாவது கதையில் காசு அதிகம்.

1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அதிலிருந்த தோரியம் அன்றைய கேஸ் விளக்கின் மேன்டிலுக்குத் தேவைப்பட்டது. மணவாளக்குறிச்சிக்கு மவுசு வந்தது அப்படித்தான். 1950இல் இந்திய அரிய மணல் ஆலை நிறுவனம் ஏற்பட்டது. 1952 டிசம்பரில் ஆலுவாவில் அதன் ஆலையை நேரு திறந்து வைத்தார். மணவாளக்குறிச்சி மோனசைட் இந்தக் கொச்சி ஆலைக்குத்தான் வந்து சேர்ந்தது. அதாவது பிழைப்புக்காக எங்கள் ஊரிலிருந்து கொச்சிக்கு வந்தவர்களில் நான் ரொம்பத் தாமதம், மணல் எனக்கு முன்பே வந்துவிட்டது.

அந்தச் சிவப்புக் கார்னெட்தான் இன்றைக்கு உலகமெங்கும் பிளாஸ்டிங்குக்கு மணலின் இடத்தைப் பிடித்திருக்கிறது. கடினம் கிட்டத்தட்ட குவார்ட்ஸ் அளவே, ஆனால் எடை கூட. அதனால் அடி பலமாக விழும், சீக்கிரம் உடையாது. இதிலும் சிலிக்கா உண்டு. ஆனால் வேறு உலோகங்களோடு பிணைந்த சிலிக்கேட்டாக இருக்கிறதே தவிர, தனிப் படிகமாக இல்லை. நல்ல சரக்கில் தனிச் சிலிக்கா 1 சதவீதத்துக்கும் கீழே. பெட்டிக்குள் என்றால் சலித்துச் சலித்துச் சில தடவை பயன்படுத்தலாம்.

'அப்படியானால் ஊருக்குப் போகும்போது ஒரு சாக்கு அள்ளி வந்துவிடலாமே' என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். கடற்கரையில் கார்னெட்டோடு குவார்ட்ஸும், கதிர்வீச்சுள்ள மோனசைட்டும் கலந்தே கிடக்கும். ஆலையில் காந்தம், மின்புலம், எடை வித்தியாசம் என்று பல படிகளில் பிரித்தால்தான் சுத்தமான கார்னெட். போதாததற்கு 2013இல் தமிழக அரசு தென் மாவட்டக் கடற்கரைகளில் தனியார் தாதுமணல் அள்ளுவதையே நிறுத்திவிட்டது. அந்த வழக்குகள் வருஷக்கணக்கில் நடந்தன. மீன்பிடிக் கிராமங்கள் கரையை இழந்த கதை தனிப் பதிவாக எழுத வேண்டியது. மணல் அங்கேயும் இலவசமாக இருந்ததில்லை.

இனி அந்தப் பையனுக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். அமெரிக்காவில் காராஜில் பெட்டி வைத்துப் பழைய பைக்கைப் புதுப்பிக்கிறவர்களுக்கும், வளைகுடாவில் வாசலிலேயே மணல்மேடு வைத்திருக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். பாலைவன மணலும் பெரும்பாலும் குவார்ட்ஸ்தான்.

முதலில் பொடி. இரும்புத் துருவுக்கும் பழைய பெயிண்டுக்கும் அலுமினியம் ஆக்சைடு (நம்ம செயற்கைக் குருந்தம்) அல்லது கார்னெட். குருந்தம் விலை கூட, ஆனால் பல தடவை சுற்றும். ஒரு கிலோ விலையைப் பார்க்காமல், எத்தனை தடவை ஓடும் என்பதால் வகுத்துப் பாருங்கள். அப்போதுதான் உண்மையான விலை தெரியும். கண்ணாடியில் எழுத்துப் பொறிக்க சிலிக்கன் கார்பைடு. பித்தளை, அலுமினியத்துக்குக் கண்ணாடி மணி, அதாவது கிளாஸ் பீட். உருண்டையாக இருப்பதால் அறுக்காமல் தட்டி மழுப்பி, மெல்லிய பளபளப்புக் கொடுக்கும். மரத்துக்கும் மென்மையான சாமானுக்கும் வால்நட் ஓட்டுப் பொடி. சமையல் சோடாவிலும் செய்யலாம். 1980களில் சுதந்திர தேவி சிலையைப் புதுப்பித்தபோது, உள்பக்கச் செம்புத் தகட்டில் ஒட்டியிருந்த தாரை நீக்க சோடாவைத்தான் பீய்ச்சினார்கள். பித்தளை மேலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேலோ இரும்புக் கிரிட் மட்டும் வேண்டாம். இரும்புத் துகள் பதிந்து பிறகு துருக் கறை காட்டும்.

இரண்டாவது காற்று. பணம் வீணாவது இங்கேதான். பெட்டியை வாங்கிவிட்டுக் கம்ப்ரசரைப் பிறகு யோசிக்கிறார்கள், தலைகீழாகச் செய்ய வேண்டும். சுமார் 3 மில்லிமீட்டர் நாசில், 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நிமிடத்துக்கு 17 கன அடி காற்று குடிக்கும். நாசில் விட்டம் இரண்டு மடங்கானால் காற்று நான்கு மடங்கு, 68 கன அடி. ஒரு குதிரைசக்திக்கு ஏறத்தாழ 3.5 முதல் 4 கன அடிதான் கிடைக்கும். அப்படியானால் சின்ன நாசிலுக்கே விடாமல் ஓட 5 குதிரைசக்தி வேண்டும். வீட்டு சிங்கிள் பேஸ் லைனில் அதை ஓட்டமுடியுமா என்று முதலில் மின்வாரியத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 2 குதிரைசக்தி கம்ப்ரசர் வைத்திருந்தால் ஒரு நிமிஷம் அடித்து, டாங்க் நிறையக் காத்திருந்து, மறுபடி அடிக்கலாம். பொழுதுபோக்குக்குச் சரி, பிழைப்புக்கு ஆகாது.

மூன்றாவது ஈரம். கொச்சி மழையில் அப்பளமே பொரிந்த கையோடு நமத்துப்போகும், பொடி என்ன ஆகும்? கம்ப்ரசருக்கும் பெட்டிக்கும் நடுவில் தண்ணீர் பிரிப்பான் இல்லாவிட்டால் பொடி கட்டியாகி நாசில் அடைத்துக்கொள்ளும். பொடியை மூடிய டின்னில் வையுங்கள்.

நான்காவது தூசி. சிலிக்கா இல்லாத பொடி என்றால் தூசியே பாதகமில்லை என்று அர்த்தமில்லை. துருவும் பழைய பெயிண்டும் சேர்ந்துதானே பறக்கிறது? வீட்டு பெயிண்டில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. மட்டாஞ்சேரிக் கதவு, ஜன்னல் எல்லாம் அதற்கு எத்தனையோ தலைமுறை மூத்தவை. அந்த பெயிண்டை எந்தப் பொடியாலும் வீட்டில் பீய்ச்ச வேண்டாம். மற்ற வேலைக்கும் தூசி உறிஞ்சி கட்டாயம். சாதாரண வாக்குவம் கிளீனர் நுண்தூசியைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே துப்பும். பெட்டியின் ரப்பர் ஓரம் கிழிந்திருக்கிறதா பாருங்கள். அடித்து முடித்ததும் உடனே கதவைத் திறக்காதீர்கள். திறக்கும்போது துகள் வடிகட்டும் முகமூடி போடுங்கள். கைக்குட்டை கட்டுவது பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்டத்தான் உதவும்.

கடைசியாக, எதைப் பீய்ச்சக் கூடாது என்பது. நூறு வருஷத்து விளக்கின்மேல் படிந்த கருமைதான் அதன் வயதுச் சான்றிதழ். அதை ஒரு நிமிஷத்தில் உரித்துவிட்டால் மிச்சம் பித்தளை எடைதான். நம் அம்மாக்கள் புளியும் செங்கல் பொடியும் தேங்காய் நாரும் வைத்துத்தான் விளக்குத் தேய்த்தார்கள். செங்கல் பொடியிலும் குவார்ட்ஸ் உண்டு. ஆனால் புளித்தண்ணீரில் நனைத்துத் தேய்த்ததால் தூசி பறக்கவில்லை. மணல் எல்லாம் விஷமில்லை, உலர்ந்த மணலை உடைத்துக் காற்றில் விடுவதுதான் விஷம். அந்த வித்தியாசத்தைத் தெரியாமலே அவர்கள் கடைப்பிடித்தார்கள்.

பையன் திட்ட மதிப்பீட்டைத் திருத்தி எழுதினான். கண்ணாடி மணிக்கு ஒரு வரி, அலுமினியம் ஆக்சைடுக்கு ஒரு வரி, தூசி உறிஞ்சி, தண்ணீர் பிரிப்பான், முகமூடி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. மொத்தம் ஏறியது. மாதத் தவணையும் கொஞ்சம் ஏறியது. "சார், மணலாக இருந்தால் இதெல்லாம் வேண்டாமே" என்று இழுத்தான். பெட்டி வைக்கப்போகிற இடத்துக்கு நேர் மேலே யார் படுத்துத் தூங்குகிறார்கள் என்று கேட்டேன். அம்மாவும் தங்கச்சி பிள்ளைகள் இரண்டும் என்றான். பிறகு மணல் பேச்சை எடுக்கவில்லை. விண்ணப்பத்தை மேலே அனுப்பியாகிவிட்டது.

உங்கள் வீட்டிலோ சொந்தக்காரர் பட்டறையிலோ யாராவது மணல் பீய்ச்சிக்கொண்டிருந்தால், ஊருக்குப் போன் போடும்போது மறக்காமல் ஒரு வார்த்தை கேளுங்கள்: பெட்டிக்குள் என்ன போடுகிறீர்கள்? பதில் 'சும்மா கிடைக்கிற மணல்' என்றால், அடுத்த மாசம் அனுப்புகிற பணத்தோடு ஒரு மூட்டை கார்னெட்டுக்கும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.